பருவும் பழியும்

சென்ற ஆண்டு நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவ காலத்தில் ஒரு நாள் மாலை, சுவாமி வெளிவீதி வலம்வந்து உள்ளே எழுந்தருளிய பின்னர், சனத்தோடு சனமாக நானும் வீதியை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தேன். கச்சான் கடைகள் வரிசையாக விளக்கேற்றியிருந்தன. தாச்சியில் மணலோடு புரளும் கச்சானின் வாசனை கர்ப்பூர வாசனையோடு கலந்து வந்தது. ஒரு கடையின் முன்னால், பாவாடை தாவணி உடுத்த, பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை தன் உறவுப் பெண்களோடு நின்றாள். கடைக்கார அம்மா ருசி பார்க்கும்படி எல்லாருக்கும் நாலைந்து கச்சான் நீட்டினாள். பிள்ளையும் கையை நீட்டினாள். பக்கத்தில் நின்ற பெரியம்மா முறையான ஒருத்தி, சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படியாக, "உனக்கு வேண்டாம் பிள்ளை. முகத்தைக் கண்ணாடியில பார்த்தனியே? உந்தப் பருவோட கச்சானும் கேக்குதோ உனக்கு?" என்றாள். பிள்ளை நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு, பின்னலை முன்னே எடுத்துக் கன்னத்தின் மேல் விட்டுக்கொண்டாள்.

அந்தப் பெரியம்மாவிடம் துவேஷம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையின் நன்மையைக் கருதியே அவர் அப்படிச் சொல்லியிருப்பார். அவருடைய தாயாரும் அவருக்கு அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆயினும் வீடு வந்து சேரும்வரை அந்த மடங்கிய கை என் மனதை விட்டு அகலவில்லை. காய்ச்சல் வந்த பிள்ளையை நாம் மடியில் கிடத்துகிறோம். வயிற்றுவலி என்று சொன்ன பிள்ளைக்கு ஓமம் அவித்துக் கொடுக்கிறோம். கண்ணோய் வந்த பிள்ளையை இருட்டறையில் படுக்க வைத்துத் தாய்ப்பால் தேடிய காலமும் உண்டு. முகத்திலே பரு வந்த பிள்ளையை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி மூன்று வினாக்களைக் கேட்கிறோம்: என்ன தின்றாய், முகம் கழுவினாயா, மனத்திலே என்ன நினைக்கிறாய். வாயாசை, அசுத்தம், மனச்சலனம் என்னும் இம்மூன்று பழிகளும் எங்கள் வீடுகளிலே எத்தனையோ தலைமுறையாகப் பருவின் மேல் சுமத்தப்பட்டு வந்தவை. இவற்றுள் ஒன்றேனும் விஞ்ஞானத்தின் முன் நாம் சுமத்தும் வடிவத்தில் நிற்கமாட்டாது என்பதையும், இப்பழிகளுக்கு அஞ்சியே நமது பிள்ளைகள் பருவினும் கொடியதொரு கேட்டிலே போய் விழுகிறார்கள் என்பதையும் கூறவே இதனை எழுதத் துணிந்தேன்.

பரு என்பது யாது? தோலிலுள்ள மயிர்த்துவாரங்களை ஒட்டி நெய்ச்சுரப்பிகள் அமைந்திருக்கின்றன. முகத்திலும் மார்பிலும் முதுகிலும் அவை பருமனாகவும் நெருக்கமாகவும் உள்ளன. பருவும் பெரும்பாலும் அவ்விடங்களிலேயே தோன்றுவதற்குக் காரணம் இதுவே. பிள்ளைப் பிராயம் கடந்து யௌவனம் தொடங்கும்போது, ஆண் பெண் என்ற பேதமின்றி இருபாலாருடைய சரீரத்திலும் அந்திரோசன் எனப்படும் ஓமோன்கள் பெருக, அவற்றின் ஏவலால் இச்சுரப்பிகள் பருத்து, முன்னிலும் அதிகமான நெய்யைச் சுரக்கின்றன. அதே வேளையில் துவாரத்தின் உட்சுவரில் இயல்பாக உதிர்ந்து வெளியேற வேண்டிய கலங்கள், உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிப் பசைபோலாகித் துவாரத்தை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட நெய்யிலே, நல்ல முகம் உடையவர்க்கும் பருமுகம் உடையவர்க்கும் ஒப்ப எல்லாருடைய தோலிலும் குடியிருக்கும் ஒருவகைப் பற்றீரியா பெருகுகிறது. அதனை எதிர்த்துச் சரீரம் நடத்தும் போரே நாம் காணும் சிவப்பும் வீக்கமும் சீழும் நோவும். தாய் தந்தையர்க்கு இளமையில் கடும் பரு இருந்திருந்தால் பிள்ளைக்கும் அது வருவதற்கு இடமுண்டு. 12 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் 100க்கு 85 பேர்வரை இது ஏதோவோர் அளவிலே தோன்றுவதாக வைத்திய நூல்கள் கூறுகின்றன. ஒரு வகுப்பிலே 40 பிள்ளைகள் இருந்தால் அவர்களுள் 34 பேர்வரை குற்றவாளிகளாக இருக்க முடியுமா என்பதை நாம் நமக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

கச்சானின் வழக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். இன்று முகத்தில் சிவந்து நிற்கும் பரு நேற்றைய இரவில் உண்டானதன்று. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய அடைப்பாகத் தோலின் உள்ளே தோன்றி, பல வாரங்கள் அங்கேயே இருந்து முதிர்ந்து, பின்னரே அது வெளியே தெரிகிறது. ஆகவே நேற்றுத் தின்ற கச்சானுக்கும் இன்று கண்ட பருவுக்கும் காரண காரிய சம்பந்தம் கற்பிப்பது, காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகும். கச்சானைப் போலவே கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் பலாப்பழமும் முட்டையும் 'சூடு' என்ற பெயரால் எங்கள் வீடுகளில் விலக்கப்படுகின்றன. மேனாட்டிலே இந்தப் பழி சொக்லேற்றின் மேல் விழுந்தது. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் 65 பேருக்குச் சொக்லேற்றையும், சொக்லேற் இல்லாத அதே வடிவான இனிப்பொன்றையும் மாறிமாறிக் கொடுத்துப் பரீட்சித்து, பருவிலே வேறுபாடு இல்லை என்று முடிவு கூறினார்கள். அம்முடிவைக் கேட்டு உணவுக்கும் பருவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று வைத்தியர்களே நெடுங்காலம் கூறி வந்தனர். ஆனால் ஒப்பீட்டுக்காகக் கொடுத்த இனிப்பிலும் கொழுப்பும் சீனியும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தன என்பதைப் பின்வந்தோர் எடுத்துக்காட்டினர். ஒரு தவறான நம்பிக்கையை நீக்கப் புகுந்தவர்கள் இன்னொரு தவறான நம்பிக்கையை நாட்டிவிட்டுப் போவதும் உண்டு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

உண்மை இடையிலே இருக்கிறது. 2002ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியிலே, பப்புவா நியூகினியாவைச் சேர்ந்த கிற்றாவா என்னும் தீவில் 1,200 பேரைச் சோதித்தபோது ஒருவரிடத்திலேனும் பரு காணப்படவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும் அவர்களுடைய உணவு. சீனியும் மாவும் அவர்களை அதிகம் எட்டவில்லை. பின்னர் 2007இல் அவுஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றினர்க்கு இரத்தத்திலே சீனியை விரைவாக ஏற்றாத உணவை 12 வாரம் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுடைய பரு மற்றவர்களுடையதைக் காட்டிலும் அதிகமாகக் குறைந்தது. இரத்தத்தில் சீனி திடீரென ஏறும்போது இன்சுலினும் ஏறுகிறது. அது நெய்ச்சுரப்பிகளைத் தூண்டுகிறது. பாலுக்கும் பருவுக்கும் ஓரளவு தொடர்பு காணப்படுவதாகச் சில ஆராய்ச்சிகள் கூறுகின்றன. தசை வளர்க்க விரும்பி உடற்பயிற்சி நிலையங்களுக்குப் போகும் எங்கள் இளைஞர்கள் கரைத்துக் குடிக்கும் புரதமாவும் பெரும்பாலும் பாலிலிருந்து எடுப்பதே. இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது நமது வீட்டு நீதிமன்றத்தின் விசித்திரம் புலனாகும். காலையிலே பாணும், சீனி கரையாமல் அடியில் நிற்கும்படி கலந்த தேத்தண்ணியும், ரியூசன் முடிந்து வரும் வழியில் ஒரு போத்தல் சோடாவும் உட்கொள்ளும் பிள்ளையை நாம் ஒன்றும் கேட்பதில்லை. திருவிழாவிலே ஆசைக்குத் தின்னும் நாலு கச்சானைத் தட்டிப் பறிக்கிறோம். சீனியையும் பாணையும் குறைப்பது சிலருக்கு உதவலாம், அதுவும் ஓரளவுக்கே. கச்சானையும் கறுத்தக்கொழும்பானையும் பிள்ளைகள் நிம்மதியாகத் தின்னட்டும்.

அடுத்தது அசுத்தம். கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவிலே, உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி இருக்கிறான். விடியற்காலையில் கிணற்றடியில் நின்று, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைத் தேங்காய்த்தும்பிலே பூசி, கன்னங்களை அவன் தேய்க்கும் சத்தம் வேலிக்கு இப்பால் எனக்குக் கேட்கும். பாத்திரத்திலே அடிப்பிடித்த கரியைத் தேய்க்கும் சத்தத்துக்கும் அதற்கும் பேதமில்லை. பகல் ஒரு முறை, பின்னேரம் ஒரு முறை, படுக்கப்போகுமுன் ஒரு முறை என அவ்விதமே செய்வான். அவனுடைய பரு குறையவில்லை. மூக்கின் இருபுறமும் தோல் உரிந்து, சிவந்து, ஈரக்காற்றுப் பட்டாலும் எரிகிறது என்றான். "முகம் ஒழுங்காக் கழுவுறேல்லை எண்டுதானே மாமா எல்லாரும் சொல்லுகினம்" என்று அவன் என்னிடம் சொன்னபோது, அவனுடைய குரலிலே இருந்தது மன்னிப்புக் கேட்பவனின் தொனி.

அழுக்கினால் பரு வருவதில்லை. மூக்கின் மேல் காணும் கரும்புள்ளியின் கருமை தூசுமன்று, அழுக்குமன்று; துவாரத்தை அடைத்த நெய்யும் கலங்களும், நமது தலைமயிருக்கும் தோலுக்கும் நிறம் கொடுக்கும் மெலனினோடு கூடிக் காற்றுப்பட்டுக் கறுத்தவை அவை. எத்துணை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் அது வெளுக்காது. தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்பட்டு, வீக்கம் மிகுந்து, பரு பெருகவே செய்யும். இதிலே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கென ஒரு விசேஷமும் உண்டு. நாம் சுண்ணாம்புக் கல்லின் மேல் வாழ்கிறோம். நமது கிணறுகளில் ஊறும் தண்ணீர் அக்கல்லைக் கரைத்துக்கொண்டு வருவதால் வன்னீராக இருக்கிறது. அதிலே சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. நுரைக்காதபோது மேலும் மேலும் போடுகிறோம். போட்டது சுண்ணாம்போடு கூடி வெண்படலமாகத் தோலிலே தங்கி அதை வறட்டி எரிக்கிறது. காலையும் மாலையும், மிக வேர்த்த வேளையிலும், காரம் குறைந்த திரவம் ஏதேனும் இட்டுக் கையினாலே மென்மையாகக் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் அதுவே போதும்.

வீட்டுப் பரிகாரங்களைப் பற்றியும் மறையாமல் பேச வேண்டும். தேசிக்காயைப் பாதியாக வெட்டி முகத்திலே தேய்த்துவிட்டு, 'காயட்டும்' என்று வெயிலிலே நிற்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். தேசிக்காய்ச் சாறு கடும் புளிப்பு. அது தோலைப் புண்ணாக்கும் என்பது ஒரு புறமிருக்க, அதிலும் அதன் தோலிலும் உள்ள சில பொருள்கள் சூரிய ஒளி பட்டவுடன் விஷமாக மாறித் தோலைச் சுட்டுக் கருகச் செய்யும். வைகாசி வெயிலிலே அதைப் பூசிக்கொண்டு நிற்பது நெருப்புக்கு முகத்தைக் கொடுப்பதற்குச் சமானம். பற்பசையும் அப்பச்சோடாவும் அவ்வாறே: ஒன்று எரிக்கும், மற்றது தோலுக்கு இயல்பாயுள்ள இலேசான அமிலத் தன்மையைக் கெடுக்கும். இவ்வாறு சொல்வதனால் நான் நமது வைத்திய மரபை இகழ்வதாக எவரும் கருத வேண்டாம். செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் பிறந்த மண் இது. கைதடியிலே சித்த மருத்துவம் பல்கலைக்கழகப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அன்றைய பரிகாரியார் நோயாளியை எதிரே இருத்தி, நாடி பார்த்து, உறக்கமும் மலசலமும் விசாரித்து, அதன் பின்னரே மருந்தைச் சொன்னார். முகமறியாத ஒருவர் கைத்தொலைபேசித் திரையில் தோன்றி அரை நிமிஷத்தில் உலகத்தார் அனைவருக்கும் ஒரே பூச்சைச் சொல்லிவிட்டு மறைவதற்கு அந்த மரபின் பெயரைச் சூட்டுவதுதான் அம்மரபை இகழ்வதாகும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. தலைக்கு எண்ணெய் வைப்பது நல்ல வழக்கமே. ஆனால் தலையில் வழிய வைத்த தேங்காயெண்ணெய் நெற்றியிலும் கன்னத்தோரங்களிலும் இறங்கும்போது, பருவுக்கு இடமுள்ள பிள்ளைகளின் துவாரங்களை அது அடைக்கவும் கூடும். 1970ஆம் ஆண்டளவிலே, தலைக்குக் கெட்டியான பூச்சுக்களை வைப்போரின் நெற்றியில் வரிசையாகத் தோன்றும் ஒருவகைப் பருவை அமெரிக்க வைத்தியர்கள் தனியே இனங்கண்டு விவரித்தார்கள். நெற்றியில் மாத்திரம் சிறு சிறு பருக்கள் நெருங்கியுள்ள பிள்ளைக்கு, எண்ணெயைத் தலையின் பின்புறத்தோடு நிறுத்திப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

மூன்றாவது பழியே எனக்கு மிகுந்த வேதனை தருவது. "உது வயசுக் கோளாறு, கலியாணம் முடிச்சால் போயிடும்" என்று சிரித்துக்கொண்டு சொல்லும் வார்த்தையின் உள்ளே, பிள்ளையின் மனத்தில் ஏதோ வேண்டாத எண்ணம் ஓடுகிறது என்ற குறிப்பு மறைந்திருக்கிறது. சாமத்தியவீடு நடந்து சில மாதங்களுக்குள் முதற் பருவைக் காணும் பெண்பிள்ளைக்கு அது எத்தகைய கூச்சத்தை உண்டாக்கும் என்பதைச் சிந்திப்பாரில்லை. ஓமோன்களுக்கும் பருவுக்கும் சம்பந்தமுண்டு என்பது மெய். 1941ஆம் ஆண்டு ஹமில்ற்றன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், பருவமெய்துமுன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை என்பதையும், ஆண் ஓமோனைக் கொடுத்தால் அவர்களுக்கும் வரலாம் என்பதையும் காட்டினார். ஆயின் ஓமோன் சுரப்பது நினைப்பினால் அன்று; குரல் உடைவதும் உயரம் வளர்வதும் எதனாலோ அதனாலேயே இதுவும் நிகழ்கிறது. இருபது இருபத்தைந்து வயதளவில் பலருக்குப் பரு தானே தணிகிறது. நமது பிள்ளைகளுக்குக் கலியாணமும் ஏறக்குறைய அவ்வயதிலேயே நடக்கிறது. தணிந்த புகழைக் கலியாணம் தட்டிக்கொண்டு போகிறது. முப்பது வயதுக்குப் பின்னும் பருவோடு வருந்தும் பெண்கள் பலர். மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப் போதல், நாடியிலும் மேலுதட்டிலும் மயிர் தடித்து வளர்தல் ஆகியவற்றோடு பருவும் சேர்ந்திருக்குமானால், சூலகத்திலே நீர்ப்பைகள் உண்டாகும் நோயா என்று பார்க்க வேண்டும். கலியாணத்தைக் காத்திருக்கச் சொல்லும் வீட்டிலே அந்த நோய் கவனிப்பாரற்று வளர்கிறது.

இம்மூன்று பழிகளும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை என் சகோதரியின் மகளிடத்தில் நான் கண்டேன். பழி சுமந்தவர் நோயைச் சொல்லமாட்டார், ஒளிப்பார். என் மருமகள் இரண்டு வருஷ காலம் ஒளித்தாள். கலியாண வீட்டுக்கு வரமாட்டாள். குடும்பப் படம் எடுக்கும்போது தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். பின்னர் திடீரென்று ஒரு மாதத்துக்குள் அவளுடைய முகம் பளபளவென்று தெளிந்து, பரு எல்லாம் அடங்கிப் போயிற்று. நாங்கள் மகிழ்ந்தோம். 'இப்பதான் பிள்ளை முகத்தைக் கவனமாக் கழுவுது' என்று தங்கச்சி எல்லாரிடமும் சொன்னாள். ஆறேழு மாதம் சென்றபின், ஒரு நாள் நடுப்பகலில் வாசலுக்கு வந்த பிள்ளை, வெந்நீர் பட்டவள்போல முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கிட்டப் போய்ப் பார்த்தபோது, கன்னத் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, அதன் கீழே இலைநரம்புகள்போலச் சிவந்த நாளங்கள் ஓடின. நாடியைச் சுற்றி ஒரே அளவான சிறு பருக்கள் மணல் தூவியதுபோல் இருந்தன. அவளுடைய புத்தகப் பையிலே ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் டப்பி இருந்தது. பெயரில்லை, செய்த இடமில்லை, காலாவதித் திகதியில்லை. 'இரவில் பூசவும்' என்று பேனையால் எழுதிய ஒட்டுத்துண்டு ஒன்றே இருந்தது. வகுப்புச் சிநேகிதி ஒருத்தியின் மூலம் ஏதோ ஒரு கடையிலிருந்து மாதாமாதம் வாங்கினாளாம்.

அதிலே ஸ்ரீரொயிட் கலந்திருந்தது என்பதே பின்னர் அவளைப் பார்த்த தோல் வைத்திய நிபுணரின் தீர்மானம். பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் முதலிய இம்மருந்துகள் கரப்பான் முதலான நோய்களுக்கு, வைத்தியர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் அளவுக்குப் பூசினால் அமிர்தம் போன்றவை. முகத்திலே மாதக்கணக்கில் பூசினாலோ, முதற் சில நாள்களில் நாளங்களைச் சுருக்கிச் சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கி அதிசயம் நிகழ்ந்ததுபோலக் காட்டிவிட்டு, மெல்ல மெல்லத் தோலை மெலிவித்து, நாளங்களை விரித்து, வேண்டாத இடத்தில் மயிரை வளர்த்து, தாமே ஒரு புதுவகைப் பருவையும் உண்டாக்குகின்றன. நிறுத்தினால் முகம் தீப்பற்றியதுபோல் எரியும்; எரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் பூசுவார்கள்; அதிலிருந்து மீள்வது அரிதாகிவிடும். இந்தியாவிலே இக்கேட்டை எதிர்த்துத் தோல் வைத்தியர் சங்கம் தனிக்குழுவே அமைத்துப் போராடியது. வைத்தியரின் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது என்று அங்கே 2018இல் விதி இறுக்கப்பட்டது.

டப்பிகளில் ஒளிந்திருக்கும் இன்னொரு விஷம் பாதரசம். பருவுக்கென்று தேடப் போகும் பிள்ளைக்கு 'பருவும் போகும், நிறமும் வரும்' என்றே இவை விற்கப்படுகின்றன. மணமகள் தேவை விளம்பரங்களிலே 'சிவந்த நிறம்' என்று அச்சடிக்கும் சமூகத்தில் அந்த இரண்டாவது வாக்குறுதி முதலாவதிலும் வலிது. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுப்பதால் தோல் வெளுப்பது மெய்தான். ஆனால் அது தோலினூடாக இரத்தத்திற் புகுந்து சிறுநீரகத்தைச் சேர்கிறது. நமக்கு மிக அண்மையிலே, கேரளத்தின் கோட்டக்கலில் நடந்ததைச் சொல்கிறேன். 2021ஆம் ஆண்டு ஆடிக்கும் 2023ஆம் ஆண்டு புரட்டாதிக்கும் இடையில் அங்குள்ள ஒரு வைத்தியசாலைக்குச் சிறுநீரில் புரதம் போகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைச் சோதித்த வைத்தியர்கள், அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிதான ஓர் உட்பிரிவு இருக்கக் கண்டு, துருவித் துருவி விசாரித்தபோது, 13 பேர் நிறம் வெளுக்கும் கிறீம் பூசியதை ஒப்புக்கொண்டார்கள். சிறுநீரக வைத்தியர் கேட்கும்வரை தாங்கள் முகத்தில் பூசியதற்கும் தங்கள் நோய்க்கும் தொடர்பிருக்குமென்று அவர்களுக்குத் தோன்றியிராது.

பாதரச விஷத்தால் வருந்திய ஜப்பானிய நகரான மினமாட்டாவின் பெயரால் 2013இல் செய்யப்பட்டு 2017இல் அமலுக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள்களை ஒழிக்க வேண்டுமென்கிறது. இலங்கையும் அதில் அங்கம் வகிக்கிறது. நமது நாட்டிலே 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், அழகுசாதனப் பொருள்களையும் மருந்துகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் அதை நீக்கிவிட்டு வந்தபோது அழகுசாதனம் என்னும் சொல் தலைப்பிலிருந்தே மறைந்தது. முகத்திலே பூசுவது மருந்துக்குக் கீழான விஷயமென்று கருதியோ என்னவோ, அதற்கென ஒரு முழுமையான சட்டத்தை ஆக்கும் அவசரம் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. இறைச்சிக் கடையையும் வெதுப்பகத்தையும் பார்வையிடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பெயரில்லாத டப்பி விற்கும் கடைக்குள்ளும் புகுந்து எடுத்துச் சோதிக்க அனுப்பும் அதிகாரத்தையும் வசதியையும் பெற வேண்டும். இதை நான் வேண்டுகோளாக எழுதவில்லை. வரி செலுத்தும் பிரஜை என்ற உரிமையோடு கேட்கிறேன்.

பருவுக்கு மருந்து இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது. பென்சொயில் பெரொக்சைட் என்னும் பூச்சு பற்றீரியாவைக் கொல்லும். 100க்கு 2½ பங்கு வலுவுள்ளதே 10 பங்கு வலுவுள்ளதற்கு ஏறத்தாழ ஈடாக வேலை செய்யும், எரிவும் குறைவு. தலையணை உறையையும் துவாயையும் அது வெளிறச் செய்யும் என்பதை முன்னரே அறிந்திருந்தால் வீட்டில் சச்சரவு இராது. அடைப்பை இளக்குவதற்கு அடப்பலீன் போன்றவற்றை இரவிலே மெல்லியதாகப் பூசச் சொல்வார்கள். கர்ப்பவதிகள் அதைத் தவிர்க்க வேண்டும். கடுமையான பருவுக்கு 1982 முதல் வழங்கிவரும் ஐசோற்றெற்றினோயின் என்னும் மாத்திரை உண்டு. வயிற்றிலுள்ள சிசுவை அது கோரமாகச் சிதைக்கும் ஆகையால், நிபுணரின் நேரடிக் கண்காணிப்பின்றி ஒரு மாத்திரையேனும் விழுங்கலாகாது. எந்த மருந்தாயினும் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் செல்லும். மூன்றாம் நாள் கண்ணாடி பார்த்துவிட்டு மருந்தை வீசுகிறவர்களே பெரும்பான்மையோர்; மூன்றாம் நாளிலேயே பலன் காட்டும் டப்பி அவர்களை வெல்வதற்கு இதுவே காரணம். பருவைப் பிதுக்குவது உள்ளிருப்பதை மேலும் ஆழத்துக்குத் தள்ளி, குழிவிழுந்த வடுவைத் தரும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். வெயில் அதை இன்னும் கறுப்பாக்கும். குடை பிடித்துச் செல்லும் நமது பழைய வழக்கத்தை, நாகரிகமல்ல என்று கைவிட்ட பிள்ளைகள் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் தமிழிலே விளக்குவது நமக்குப் புதிதன்று. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயிலே வைத்தியஞ் செய்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, மனித அங்கங்களையும் இரணவைத்தியத்தையும் இரசாயனத்தையும் பற்றிய நூல்களைத் தமிழில் ஆக்கியும் ஆக்குவித்தும், 1873இல் தாயகம் திரும்பும்வரை அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். தன் நோயைத் தன் மொழியில் விளங்கிக்கொள்ளும் உரிமை கிராமத்தவனுக்கும் உண்டென்று அவர் கருதினார். அவருடைய உழைப்பின் பலனாகவோ பின்வந்தோர் உழைப்பின் பலனாகவோ, நமது பிள்ளைகள் இன்று உயர்தரம்வரை உயிரியலைத் தமிழிலேயே கற்கிறார்கள். வேலிக்கு அப்பால் தும்பினால் முகம் தேய்க்கும் அந்தத் தம்பியிடம் நெய்ச்சுரப்பியின் படத்தை வரையச் சொன்னேன். பென்சிலால் ஒரு நிமிஷத்தில் அழகாக வரைந்து, பகுதிகளுக்குப் பெயரும் குறித்தான். அந்தப் படம் பரீட்சைக்கு உரியது, முகம் தனக்கு உரியது என்று அவன் இரண்டையும் இரு வேறு உலகங்களில் வைத்திருக்கிறான். அவற்றை ஒன்றாக்கிக் காட்ட வேண்டிய ஆசிரியரும், அவனுடைய முகத்தைப் பார்த்ததும் கச்சானைப் பற்றியே கேட்கிறார்.

என் மருமகளை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்கு நானே அழைத்துக்கொண்டு போனேன். தோல் கிளினிக் என்றால் குட்டநோயை நினைத்து, தெரிந்தவர் கண்ணில் படாமல் போய்வந்த காலத்தின் நிழல் இன்னமும் சிலரிடத்தில் இருக்கிறது. தங்கச்சி வர மறுத்ததற்கும் அதுவே காரணம். காலையில் இலக்கம் எடுத்து நெடுநேரம் வாங்கிலே இருந்தோம். எங்களோடு இருந்தவர்களில் பாதிப்பேர் அவளுடைய வயதினர். அதைக் கண்ட பின்னரே அவள் முகத்தை மூடியிருந்த சால்வையைச் சற்றுத் தளர்த்தினாள். ஒரு சதமும் கேட்கவில்லை. ஸ்ரீரொயிட்டிலிருந்து அவளை விடுவிக்க ஏழு மாதங்கள் சென்றன. கன்னத்தில் ஓடிய நாளங்கள் முற்றாக மறையவில்லை, மறையாமலும் போகலாம் என்கிறார்கள்.

அன்றைய நாளில் என்னை உலுக்கியது வேறொன்று. எங்கள் முறை வந்து உள்ளே சென்றபோது, அந்த வைத்தியப் பெண்மணி பிள்ளையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, விரல் நுனியால் நாடியைத் தொட்டு, "நோகுதோ பிள்ளை?" என்று கேட்டார். பிள்ளையின் கண்கள் நிரம்பிவிட்டன. இரண்டு வருஷமாக எங்கள் வீட்டிலே, நான் உட்பட, அவளுடைய முகத்தைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறோம். அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.